மீதி நாலு பேர்

ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1994-இல் வெளியிட்ட ‘டோக்கிமேக்கி மெமோரியல்’ என்ற காதல் விளையாட்டில் ஒரு வெடிகுண்டு வரும். திரையில் தெரியும் சின்னக் குண்டுப் படம்தான். ஆடுகிறவர் ஒரு மேல்நிலைப் பள்ளி மாணவன். கதை மூன்று வருடம் நடக்கும். வார நாளில் படிப்பதா, ஓடியாடுவதா, ஓவியம் பழகுவதா என்று தீர்மானிக்க வேண்டும். விடுமுறை நாளில் கூடப் படிக்கும் பெண்களில் ஒருத்திக்குப் போன் போட்டு வெளியே அழைக்கலாம். ஒருத்தியையே அழைத்துக்கொண்டு, பழகிவிட்ட இன்னொருத்தியைக் கண்டுகொள்ளாமல் விட்டால், அவள் பெயருக்குப் பக்கத்தில் குண்டு வந்து உட்காரும். அப்போதும் திரும்பிப் பார்க்காவிட்டால் வெடிக்கும். அவள் ஒருத்தி மனம் கசப்பதோடு விஷயம் முடியாது. பள்ளி முழுக்கப் பேச்சுப் பரவி, எல்லாப் பெண்களுக்கும் அவன்மேல் இருந்த நல்லெண்ணம் சரசரவென்று இறங்கிவிடும்.

படிப்பு முடியும் நாளில் பள்ளி வளாகத்துப் பழைய மரத்தடியில் ஒரு பெண் வந்து தன் மனதைச் சொல்வாள். அதற்காகத்தான் மூன்று வருடப் பாடும். சின்ன வயதுத் தோழி ஷியோரி ஃபுஜிசாக்கியின் மனதைப் பெறுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். படிப்பும் வேண்டும், உடல்வலுவும் வேண்டும், தோற்றமும் வேண்டும். அவளுக்குத் தகுதியாவதற்காக இவன் ராப்பகலாக உழைத்துக்கொண்டிருக்கும்போது மற்ற பெண்களின் பக்கம் குண்டுகள் புகையத் தொடங்கும்.

இந்தக் குண்டைத் தொல்லை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடித்துப்போனது. தேர்ந்தெடுக்கப்படாதவர்களும் அதே ஊரில், அதே பள்ளியில், இவனைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பதை ஒரு விளையாட்டு தன் கணக்குவழக்கிலேயே எழுதி வைத்திருக்கிறது. பின்னால் வந்த எத்தனையோ நல்ல கதைகள் இதை மறந்துவிட்டன.

நான் எழுபதைத் தாண்டியவள். வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர்கதை எழுதியே காலத்தை ஓட்டியவள். கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் இந்தக் கிழவிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மகள் வயிற்றுப் பேத்தி ஒருத்தி, ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில் ‘விஷுவல் நாவல்’ ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறாள். படமும் இசையும் வசனமும் சேர்ந்த கதை அது. படித்துக்கொண்டே போக வேண்டும். நடுநடுவே ‘இப்படிச் செய்யவா, அப்படிச் செய்யவா’ என்று திரை கேட்கும். நாம் சொல்கிற பதிலுக்கேற்பக் கதை திரும்பும். அவள் கதையில் பழைய புத்தகக் கடையில் வேலைக்குச் சேரும் ஒரு பெண், கடைக்கு வந்துபோகும் ஐந்து ஆண்கள். ஐவரில் யாரோடு வேண்டுமானாலும் காதல் அமையலாம். “அம்மாச்சி, அஞ்சு ரூட்டும் தனித்தனியாப் படிச்சா நல்லாத்தான் இருக்கு. சேத்துப் பாத்தா ஏதோ பொய்யா இருக்கு. என்னன்னு பாத்துச் சொல்லுங்க” என்று லேப்டாப்பைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் எழுதியதைப் படித்தேன். பிறகு இந்த வகையில் பேர் வாங்கிய கதைகளை, ஆங்கிலத்தில் கிடைத்தவரை, ஒவ்வொன்றாக ஆடி முடித்தேன். கிடைக்காததை அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். ராத்திரி தூக்கம் வராத வயதுக்கு இது நல்ல பொழுதுபோக்கு.

தொடர்கதைக்காரிக்கு இருக்கும் சௌகரியம் இந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. ஒரு பெண், இரண்டு ஆண்கள் என்று கதையைக் கிளப்பிவிட்டு, இருபதாவது வாரத்தில் ஒருவனை டில்லிக்கு மாற்றல் வாங்கி அனுப்பிவிடுவோம். ரொம்ப நல்லவனாகப் போய்விட்டால் லாரியில் அடிபடுவான். வாசகர்கள் ஒரு வாரம் அழுதுவிட்டு அடுத்த வாரம் கல்யாணத்துக்குத் தயாராகிவிடுவார்கள். விஷுவல் நாவலில் அது நடக்காது. டில்லிக்குப் போக வேண்டியவனும் நாயகன்தான். இன்னொரு வாசகி அவனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறாள்.

முதல் சிக்கல் வெறும் கணக்கு. ஒரு கேள்விக்கு இரண்டு பதில், ஒவ்வொரு பதிலுக்கும் தனிக்கதை என்று போனால் பத்தாவது கேள்வியில் 1,024 கதைகள் கையில் நிற்கும். யாராலும் எழுத முடியாது. ஆகவே பிரிந்த வழிகளை மறுபடி ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். எந்தப் பதில் சொன்னாலும் சாயங்காலம் எல்லாரும் அதே மொட்டைமாடிக்கு வந்து சேருவார்கள்; பதிலின் அடையாளம் மட்டும் ஓர் எண்ணாக உள்ளே பதிவாகியிருக்கும். முதலில் எல்லாருக்கும் பொதுவான ஒரு பகுதி, அதன் முடிவில் எண்களைக் கூட்டிப் பார்த்து இன்னாருடைய பாதை என்று பிரிப்பது, பிறகு அந்தப் பாதைக்குள் நல்ல முடிவு, கெட்ட முடிவு. பெரும்பாலான காதல் விஷுவல் நாவல்களின் எலும்புக்கூடு இதுதான். டாம் ரோதமல் என்ற அமெரிக்கர் 2004-இல் வெளியிட்ட ‘ரென்பை’ என்ற இலவச மென்பொருளில்தான் என் பேத்தி எழுதுகிறாள். அதில் லேபிள் என்று ஒரு காட்சிக்குப் பெயர் வைக்கலாம், மெனு என்று கேள்வி கேட்கலாம், ஜம்ப் என்று இன்னொரு காட்சிக்குத் தாவலாம். அதைப் பார்த்துப் புரிந்துகொள்ள எனக்கே அதிக நேரம் பிடிக்கவில்லை.

அவள் பக்கங்களைப் பார்த்தபோது கண்ணில் பட்டது அந்த எண்கள்தான். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தால் ஒரு பாயின்ட். அவன் சொன்ன புத்தகத்தைப் படித்தால் இரண்டு. அவன் கோபித்தபோது விட்டுக்கொடுத்தால் மூன்று. பத்து பாயின்ட் சேர்ந்தால் அவன் பாதை திறக்கும். எல்லாக் கேள்விக்கும் அவனுக்கு இதமான பதில் எதுவோ அதுவே சரியான பதில்.

இது வாழ்க்கையில் எங்கே நடக்கிறது? ஐம்பது வருடம் குடும்பம் நடத்தியவள் சொல்கிறேன், எதிராளிக்குப் பிடித்ததையே சொல்லிக்கொண்டு போனால் கடைசியில் கிடைப்பது காதல் இல்லை. நல்ல வேலைக்காரி என்ற பேர்.

இந்த இடத்தில் நான் அவளுக்கு எடுத்துக் காட்டியது ‘கத்தாவா ஷோஜோ’. உலகத்தின் பல மூலைகளில் இருந்த ஆர்வலர்கள் ஒன்றுகூடி, ஃபோர் லீஃப் ஸ்டூடியோஸ் என்று பேர் வைத்துக்கொண்டு, வருடக்கணக்கில் உழைத்து 2012 ஜனவரியில் இலவசமாக வெளியிட்டது. அதுவும் ரென்பையில் செய்ததுதான். கதை ஜப்பானில் நடக்கிறது. ஹிசாவோ என்ற பையனுக்கு இதயத் துடிப்பில் கோளாறு. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான விடுதிப் பள்ளி ஒன்றுக்கு வந்து சேருகிறான். ஐந்து பெண்கள், ஐந்து பாதைகள்.

அதில் ஹனாக்கோ என்ற பெண்ணின் முகத்திலும் உடம்பிலும் தீக்காயத் தழும்புகள். கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குவாள். நூலகத்து மூலையில் புத்தகத்துக்குள் தலையைப் புதைத்துக்கொள்வாள். அவளைப் பார்த்ததும் ஆடுகிறவர் எல்லாருக்கும் ஒரே எண்ணம் தோன்றும்: ஐயோ பாவம், இந்தக் குழந்தையைப் பொத்திப் பாதுகாக்க வேண்டும். பாயின்ட் கணக்கில் பழகிய கை, ஒவ்வொரு கேள்வியிலும் அக்கறையான பதிலையே தொடும். அவள் கதவைச் சாத்திக்கொண்டால் விடாமல் போய்த் தட்டும். நலம் விசாரிக்கும். கடைசியில் ஹனாக்கோ வெடிப்பாள். தன்னை உடைந்த பொருளாகப் பார்க்கிறான், பரிதாபத்தில் பழகுகிறான் என்று அவள் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த ஆத்திரம் எல்லாம் அவன்மேல் கொட்டும். கதை அங்கேயே கெட்ட முடிவில் நின்றுவிடும். அவளைக் கொஞ்சம் தன்பாட்டில் இருக்கவிட்டு, அவளும் தன்னைப் போல ஒரு மனுஷி என்று நடந்துகொண்டவனுக்குத்தான் நல்ல முடிவு.

எழுதியவர்களின் துணிச்சலைப் பாருங்கள். ‘அன்பான’ பதிலைத் தொட்டவர்கள்தான் தோற்கிறார்கள். தோற்ற பிறகு யோசித்துப் பார்த்தால், அந்தப் பதில்கள் அவளுக்காகச் சொன்னவையா, நம்மை நல்லவராக நினைத்துக்கொள்ளச் சொன்னவையா என்ற சந்தேகம் வரும். வயதான அம்மாக்களைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைகள் சிலருக்கும் இந்தப் பாதையை ஆடக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அதை இங்கே விரிக்கவில்லை.

அதே கதையின் முதல் பகுதியில் இன்னொரு நேர்த்தி. ‘உனக்கு யாரைப் பிடிக்கும்’ என்று ஓர் இடத்திலும் கேட்க மாட்டார்கள். மைதானத்தில் ஓடும்போது இதயத்தைப் பற்றிக் கவலைப்படாமல் முழு வேகத்தில் ஓடுகிறாயா, மெல்ல ஓடுகிறாயா என்று கேட்பார்கள். மேஜையில் போர் விளையாட்டு ஆடும்போது முன்னேறித் தாக்குகிறாயா, காத்து ஆடுகிறாயா என்று கேட்பார்கள். ஓட்டக்காரி எமியின் பக்கமும் போட்டிபோடும் ஷிசுனேயின் பக்கமும் நாம் போவது அந்தப் பதில்களால். மனிதர்களைத் தேர்வதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கவே மாட்டோம். எப்படி இருக்கப் போகிறோம் என்பதைத்தான் ஒவ்வொரு இடத்திலும் சொல்லிக்கொண்டிருப்போம். அதற்கேற்ற ஆள் வந்து சேருகிறாள். என் கல்யாணம் பெரியவர்கள் பேசி முடித்தது என்றாலும், அந்த மனிதரோடு நான் ஒட்டியதும் இப்படித்தான் நடந்தது.

சரி, ‘சேத்துப் பாத்தா பொய்யா இருக்கு’ என்றாளே, அந்தப் பொய் எங்கே இருக்கிறது? அதற்கு ‘ஃபேட்/ஸ்டே நைட்’டுக்குத்தான் போக வேண்டும்.

டைப்-மூன் என்ற குழு 2004 ஜனவரியில் வெளியிட்டது. எழுதியவர் கினோக்கோ நாசு. மந்திரவாதிகளின் போர்தான் வெளிக்கதை. எனக்கு அதில் ஈடுபாடு இல்லை, வாள்சண்டைப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். கட்டுமானம்தான் என்னை உட்கார வைத்தது. மூன்று பெண்களுக்கு மூன்று பாதைகள்; ஆடுகிறவர் இஷ்டத்துக்கு மாற்றி ஆட முடியாது. முதலில் சேபரின் பாதை. அது முடிந்தால்தான் ரின்னுடையது திறக்கும். அதுவும் முடிந்தால்தான் சக்குராவினுடையது.

சக்குரா யார்? நாயகன் ஷிரோவின் பள்ளியில் ஒரு வகுப்பு கீழே படிக்கும் பெண். தினமும் காலையில் அவன் வீட்டுக்கு வந்து சமையலில் கை கொடுப்பாள். முதல் பாதையிலும் வருகிறாள், இரண்டாவதிலும் வருகிறாள். மிசோ சூப் ஆவி பறக்கும் சாப்பாட்டு மேஜை, அடக்கமான சிரிப்பு, ‘அண்ணா’ என்று கூப்பிடுகிற மாதிரியான ஒரு மரியாதை. நாம் சேபரோடும் ரின்னோடும் போருக்குப் போய்விடுகிறோம். அவள் பின்னணியில் இருக்கும் இனிமையான ஒரு பெண், அவ்வளவுதான் நினைப்போம். மூன்றாவது பாதையில்தான் தெரியவரும், அந்தப் பெண் காலையில் வந்து சேர்ந்தது எந்த வீட்டிலிருந்து என்று. சிறு வயதில் பெற்ற குடும்பம் அவளைத் தத்துக் கொடுத்துவிட்டது. ரின் அவளுடைய கூடப்பிறந்த அக்கா. போய்ச்சேர்ந்த வீட்டில் வருடக்கணக்காக அவள் பட்டது சித்திரவதை.

படித்து முடித்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. முதல் இரண்டு பாதைகளில் நாம் சந்தோஷமாக இருந்தபோதும் அந்தச் சித்திரவதை நடந்துகொண்டுதான் இருந்தது. நாம் ஜெயித்த முடிவுகளிலும் அவள் அந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போனாள். எழுத்தாளர் எதையும் மாற்றவில்லை. காலைச் சாப்பாட்டில் அவள் சிரித்த அதே சிரிப்பு. நமக்குத் தெரியாமல் இருந்தது, இப்போது தெரிகிறது. பாதைகளைப் பூட்டி வரிசைப்படுத்தியதால் மட்டுமே இது சாத்தியமாயிற்று. சக்குராவை முதலிலேயே ஆடியிருந்தால் இந்த அடி விழாது.

அந்த மூன்றாவது பாதையில் ஷிரோவுக்கு ஒரு கேள்வி வருகிறது. எல்லாரையும் காப்பாற்றும் நீதிமானாக வாழ்வேன் என்பது அவன் சிறுவயதுச் சபதம். சக்குரா உயிரோடு இருந்தால் பலருக்கு ஆபத்து என்று தெரிகிறது. சபதத்தைத் தொட்டால் அவள் சாக வேண்டும். கதையும் சில வரிகளில் இறுகிப்போய் முடிந்துவிடும். அவளைத் தொட்டால் சபதம் போயிற்று. அதற்குப் பிறகும் நீண்ட கதை இருக்கிறது, அதில் அவன் சந்தோஷமாக இருப்பது கொஞ்ச நேரம்தான். ஒருத்தியைத் தேர்ந்தால் தன்னில் ஒரு பகுதியை விட வேண்டும் என்பதை இவ்வளவு முரட்டுத்தனமாகச் சொன்ன காதல் கதைகள் குறைவு. இந்த முரட்டுத்தனத்துக்கு ஈடாகவோ என்னவோ, ஒவ்வொரு கெட்ட முடிவுக்குப் பிறகும் ‘புலி டோஜோ’ என்று ஒரு கோமாளி வகுப்பு வைத்திருக்கிறார்கள். டைகா டீச்சர் மூங்கில் வாளோடு வந்து, எங்கே தப்பாகப் போனாய் என்று திட்டிவிட்டுத் திருப்பி அனுப்புவாள். செத்த நாயகனுக்கு ட்யூஷன்! நான் அதற்காகவே சில இடங்களில் வேண்டுமென்று செத்தேன்.

சக்குராவைப் பார்த்தபோது என் பெரியக்கா ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் அவளைப் பெண் பார்க்க எத்தனையோ பேர் வந்துபோனார்கள். கேசரி, பஜ்ஜி, ஒரு பாட்டு. ‘ஊருக்குப் போய்க் கடிதாசு போடறோம்’ என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். அந்தப் பையனுடைய கதையில் எங்கள் வீடு ஒரு சாயங்காலம். அப்புறம் அவன் வேறொரு வீட்டில் வேறொரு பெண்ணைப் பார்த்து, பிடித்து, கட்டிக்கொண்டு நன்றாக வாழ்ந்திருப்பான். அவன்மேல் தப்பே இல்லை. ஆனால் அவர்கள் வண்டி தெரு திரும்பியதும், அக்கா பட்டுப்புடவையை மாற்றிவிட்டு எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவாள். மறுநாள் காலையிலும் அவளுக்கு ஏழு மணிக்கு ஸ்கூல் இருந்தது. கிளைக் கதை எழுதுகிறவர்கள் வண்டியில் ஏறிப் போய்விடுகிறார்கள். கிணற்றடியில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனால் போதும் என்கிறேன்.

கீ என்ற பிராண்டின் கதைகளை வரிசையாகப் படித்தால், விட்டுவந்தவள் என்ன ஆனாள் என்ற கேள்வியோடு அவர்கள் போராடியது தெரியும். 1999-இல் வந்த ‘கானோன்’. பனி மூடிய ஊர், ஐந்து பெண்கள், ஒவ்வொருத்திக்கும் உயிரை உருக்கும் ஒரு துயரம். ஒருத்திக்குத் தீராத நோய். இன்னொருத்தி மனித உருவில் வந்த நரி. நாளாக ஆகப் பேச்சு மறந்து, நினைவு மறந்து கரைந்துபோகிறாள். நாம் யாருடைய பாதையில் இருக்கிறோமோ அவளுடைய துயரத்தின்மேல்தான் வெளிச்சம். மற்றவர்கள் கதையைவிட்டு மெல்ல நழுவிவிடுகிறார்கள். அப்படியானால் நோயாளிப் பெண் அங்கே என்ன ஆனாள்? கதை வாயைத் திறக்காது. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்த பிறகு இந்தக் கேள்வி வந்து நிற்கும்.

2004-இல் அதே கீ வெளியிட்ட ‘கிளனாட்’ அதற்குப் பதில் தேடியது போல எனக்குப் படுகிறது. அதில் நாயகன் தோமோயா ஒவ்வொருவருடைய பாதையிலும் அவர்கள் துயரத்தைத் தீர்க்கும்போது ஒரு சிறிய ஒளி கிடைக்கும். எல்லாம் காதல் பாதைகளும் இல்லை. விடுதிக் காப்பாளர் மிசாயே, ஓய்வுபெறப் போகும் கிழட்டு வாத்தியார் கோமுரா, தோமோயாவோடு பேச்சுவார்த்தை இல்லாத அவன் அப்பா என்று பலர் இருக்கிறார்கள். பள்ளி நாட்களின் பாதைகளை முடித்தால்தான் இரண்டாம் பாகம் திறக்கும். தோமோயாவும் அவன் காதலி நகிசாவும் கல்யாணம் செய்துகொண்டு, சின்ன வாடகை அறையில் குடித்தனம் நடத்தும் பாகம். மின்கம்பத்தில் ஏறி வேலை பார்த்துவிட்டு அவன் விரல் மரத்துப்போய் வீட்டுக்கு வருவான். பிரசவத்தில் நகிசா இறந்துபோகிறாள். அந்த இழப்பை மாற்றுவது, முன்னே எங்கெங்கோ யார் யாருக்கோ செய்த உதவிகளில் சேர்ந்த ஒளிகள்தான்.

தனித்தனிப் பாதைகள் ஒன்றையொன்று அழிக்காமல் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கும்படி கட்டியிருக்கிறார்கள். கட்டியவர்களை மெச்சுகிறேன். ஒரு குறையும் உண்டு. மற்ற பெண்களின் துயரங்கள் கடைசியில் நகிசாவைக் காப்பாற்றும் செலவுக்குக் காசாகிவிடுகின்றன. என் பேத்தியிடம் இதைச் சொன்னேன், சண்டைக்கு வந்தாள். “அதுக்காக எல்லாரையும் கட்டிக்க முடியுமா அம்மாச்சி?” முடியாதுதான்.

‘ஸ்டைன்ஸ் கேட்’ 2009-இல் வந்தது. அதைக் காதல் கதை என்று சொல்லமாட்டார்கள். காதல் பாதைகளை அமைப்பதில் நான் பார்த்த மிகக் கூர்மையான வேலை அதில்தான் இருக்கிறது. டோக்கியோவின் அக்கிஹபராவில் ஒக்காபே என்ற இளைஞனும் நண்பர்களும் கடந்த காலத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் ஒரு கருவியைத் தற்செயலாகச் செய்துவிடுகிறார்கள். ஒவ்வொருவராக, நடந்துபோன ஏதோ ஒன்றை மாற்றச் செய்தி அனுப்புகிறார்கள். ஃபாரிஸ் என்ற பெண் இறந்துபோன அப்பாவைத் திரும்பப் பெறுகிறாள். இந்தச் செய்திகளின் விளைவாக ஒக்காபேயின் சின்ன வயதுத் தோழி மயூரி சாக வேண்டியதாகிறது. எத்தனை முறை காலத்தைத் திருப்பினாலும் சாகிறாள். அவளைக் காப்பாற்ற ஒரே வழி, அனுப்பிய செய்திகளை ஒவ்வொன்றாக ரத்து செய்வது. ஃபாரிஸிடம் போய், உன் அப்பாவை மறுபடி சாகவிட வேண்டும் என்று கேட்க வேண்டும்.

இந்த நேர்கோட்டில் அங்கங்கே ஒரு கதவு. ‘போதும், இதற்குமேல் யாரையும் அழவிட முடியாது’ என்று ஒக்காபே நின்றுவிட்டால், நின்ற இடத்தில் இருக்கும் பெண்ணோடு கதை முடியும். அதுவும் ஒரு முடிவுதான், இனிமைகூட உண்டு. ஏதோ ஒன்றை இழக்க ஒப்புக்கொண்ட இனிமை. மரம்போலக் கிளை விரிக்காமல் ஒரே வழியில் வாசல்கள் வைத்ததால், ஒவ்வொரு காதலும் என்ன விலைக்கு வந்தது என்பதை ஆடுகிறவர் மறக்கவே முடியாது.

இன்னொன்று. அதில் திரையில் கேள்வி வராது. ஆடுகிறவர் கையில் ஒக்காபேயின் செல்போன் மட்டும்தான். கடைசிக் கதவைத் திறப்பது, நடுநடுவே குரிசு என்ற பெண் அனுப்பும் சில்லறை மெயில்களுக்கு நாம் என்ன பதில் போட்டோம் என்பது. உலகமே ஆட்டம் காணும் நேரத்தில் ஒரு சாதாரண மெயிலுக்குப் பதில் போட்டிருக்க வேண்டும். முக்கியமான முடிவுகளை எல்லாம் கொட்டை எழுத்தில் கேட்கத் தேவையில்லை என்று இளம் எழுத்தாளர்களுக்கு இதைக் காட்டலாம்.

பாதையே கொடுக்கப்படாதவள் எதிர்த்துக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017-இல் டேன் சால்வாட்டோவின் குழு இலவசமாக வெளியிட்ட ‘டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்’ இருக்கிறது. நாம் கவிதைக்குச் சொற்களைப் பொறுக்கும்போது மூன்று பெண்களுக்குப் பிடித்த சொற்கள் இருக்கும். சங்கத் தலைவி மோனிகாவுக்கென்று ஒன்றுகூட இருக்காது. அவளுக்கு அது தெரிந்துவிடுகிறது. மற்றவர்களை அழிக்கத் தொடங்குகிறாள். கடைசியில் அவளுடைய கோப்பை நாமே கம்ப்யூட்டரில் தேடி அழித்தால்தான் கதை நகரும். மனம் இளகியவர்கள் இதை ஆட வேண்டாம். நடுவே தற்கொலைக் காட்சி வருகிறது.

பெண்கள் ஆடுவதற்காகப் பெண்கள் எழுதிய முதல் காதல் விளையாட்டு ‘ஆஞ்செலிக்’. கோயெய் நிறுவனத்தின் ரூபி பார்ட்டி என்ற மகளிர் குழு 1994-இல் செய்தது. அதில் நாயகி அடுத்த மகாராணி ஆவதற்குப் போட்டியிடுகிறாள். காவலர்களில் ஒருவனை மணந்துகொண்டால் அரியணை போய்விடும், போட்டியாளரான ரோசாலியா ராணியாவாள். முப்பது வருடத்துக்கு முன்னால் அந்தப் பெண்கள் எவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறார்கள்! நீ விட்டுப்போன இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்து ஆளுவாள். ரோசாலியா அழுதுகொண்டு கிணற்றடிக்குப் போகவில்லை.

இத்தனையும் பார்த்துவிட்டுப் பேத்தியின் பக்கங்களைத் திரும்ப எடுத்தேன். பொய் எங்கே என்று இப்போது விரல் வைக்க முடிந்தது. கடைக்கு வரும் ஐவரில் ஒருவனைத் தேர்ந்ததும் மற்ற நால்வரும் கடைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். அதுவரை வாரம் தவறாமல் பழைய வரைபடம் தேடி வந்த ஓய்வுபெற்ற மாலுமியின் மகன் எங்கே போனான்? தங்கைக்குப் பாடப்புத்தகம் வாங்க வந்தவன்? புத்தகம் தேவைப்படாமலா போயிற்று?

ஒவ்வொரு பாதையிலும் மற்ற நால்வரையும் ஒரு முறையாவது கடைக்கு வரச் சொன்னேன். காதல் ஏக்கத்தோடு வந்து நிற்க வேண்டாம். அவர்கள் வேலையாக வரட்டும். மாலுமி மகனுக்கு வரைபடம் கிடைத்துவிட்டது என்று ஒரு பாதையில் தெரியட்டும், இன்னொன்றில் அவன் தேடுவதையே விட்டுவிட்டான் என்று தெரியட்டும். ஏன் விட்டான் என்பது அவனுடைய பாதையை ஆடினால்தான் புரியும். நாலு வரி வசனம்தான் செலவு. பாடப்புத்தகப் பையனின் பாதையைக் கடைசிவரை பூட்டி வைக்கச் சொன்னேன், அவன் தங்கையைப் பற்றி அவன் சொல்வது பொய் என்பதால். மற்ற நாலு பாதைகளிலும் அந்தப் பொய்யைக் கேட்டுத் தலையாட்டியவர்களுக்குத்தான் அது சுடும். விட்டுக்கொடுத்தால் மூன்று பாயின்ட் என்பதை முதல் வேலையாக அடிக்கச் சொன்னேன். அதற்கு முகத்தைத் தூக்கிக்கொண்டாள். இரண்டு நாளில் அடித்துவிட்டாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் இன்னும் இழுபறி. ‘கத்தாவா ஷோஜோ’வில் ஐந்து பெண்களில் ஒருத்தியின் பக்கமும் போகாவிட்டால், ஹிசாவோ விடுதி நண்பன் கென்ஜியோடு மொட்டைமாடியில் குடித்துவிட்டுத் தவறி விழுந்து சாகிறான். எல்லாரும் சிரிக்கும் முடிவு அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை நுணுக்கமாக எழுதியவர்கள், யாரையும் தேராதவனுக்குச் சாவைத்தவிர வேறொன்றும் யோசிக்கவில்லையே என்றிருந்தது. பேத்தியின் கதையிலும் அப்படித்தான்: யாருடைய பாயின்டும் பத்தைத் தொடாவிட்டால் மழை பெய்கிறது, கடை மூடுகிறது, ‘பேட் எண்டிங்’ என்று எழுத்து வருகிறது.

“ஏன்டி, கல்யாணம் ஆகலைன்னா கடையை ஏன் மூடணும்? அவ வேலைக்குச் சேந்தது புஸ்தகம் விக்கத்தானே?”

“அம்மாச்சி, அதுவும் ஒரு முழு ரூட் மாதிரி ஆயிடும். புதுப் படம் வரையணும், புது மியூசிக் வேணும். ரெண்டு மாசம் தள்ளிப்போகும்.”

“போகட்டும்” என்றேன். என் பெரியக்கா முப்பது வருடம் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் வீட்டு வாசலில் பழைய மாணவர்களின் செருப்பு இல்லாத நாளைப் பார்ப்பது கஷ்டம் என்று இவளுக்கும் தெரியும். வாதத்துக்கு அவளை இழுக்காதீர்கள் என்கிறாள். கடையைப் பெண் விலைக்கு வாங்கிக்கொள்வதாக வைக்கலாமா, முதலாளி அவளைப் பங்காளியாகச் சேர்ப்பதாக வைக்கலாமா என்பதில் இப்போது நிற்கிறோம். முதலாளி அவ்வளவு தாராளமானவர் இல்லை என்பது என் கட்சி. விலைக்கு வாங்க அவளுக்குப் பணம் ஏது என்கிறாள் பேத்தி. பேங்க்கில் கடன் கேட்கும் ஒரு காட்சி எழுதிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.